உதவிக்கு அழைக்க வேண்டிய எண்

ஓட ஆரம்பித்துவிட்டது, இனி தலைகீழாக நின்றாலும் முடிகிறபோதுதான் முடியும் என்று சுகந்தி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, செருப்பைக் கழற்றி, மேசைக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டியின் மேல் கால்களை நீட்டிக்கொண்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. நாமக்கல்லில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எந்த வேலையும் ஓடாது, இது ஒன்றுதான் ஓடும், நல்ல வேளையாக இதற்குச் சாப்பாடு கிடையாது. தயிர்சாதத்தின் புளிப்பு இன்னும் நாக்கில் இருந்தது. சன்னலுக்கு வெளியே மோகனூர் ரோட்டில் ஒரு முட்டை லாரி வேகத்தடையில் ஏறி இறங்கியது, இந்த ஊரிலேயே பதனமாகப் போகிறவன் முட்டை லாரிக்காரன் மட்டும்தான் என்று நல்லசிவம் சொல்வார், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் இருக்கிற புருஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இது ஓடி முடிகிறபோது ஒரே கையேடு நான்கு வடிவத்தில் வரவேண்டும். முதலில் இணையப் பக்கம், அப்புறம் அச்சுப் புத்தகம், அப்புறம் மெஷின் மேலேயே இருக்கிற உள்ளங்கை அகலத் திரைக்கானது, கடைசியாகக் கதவில் ஒட்டுகிற ஸ்டிக்கர். நான்குக்கும் மூலம் ஒன்று, அவள் உட்கார்ந்து தட்டிய ஒரே எக்ஸ்எம்எல் கோப்பு. கல்யாணமான புதிதில் இதை மாமியாருக்கு விளக்கப்போய், ஒரே மாவில் இட்லி, தோசை, பணியாரம் ஊற்றுகிற மாதிரி அத்தை என்று சொல்லிவைத்தாள். அப்படியானால் மாவாட்டுவதற்கா இத்தனை சம்பளம் தருகிறார்கள் என்று அந்தம்மா கேட்டார். மாவாட்டுவதற்குத்தான். கோழிக்குஞ்சு பொரிக்கிற மெஷினை ஓட்டும் மென்பொருளைப் பற்றி, மெஷின் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குச் சொல்வதற்கு மாவாட்டுகிறாள், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால் இந்த மாவில் எது எப்படித் தெரிய வேண்டும் என்று எழுதவே கூடாது. இது எச்சரிக்கை, இது செய்ய வேண்டிய காரியம், இது பொத்தானின் பெயர் என்று ஒவ்வொரு வரிக்கும் இருபுறமும் அடையாளம் போட்டு, அது என்ன என்று மட்டும் சொல்லிவிட வேண்டும், எச்சரிக்கையைச் சிவப்பில் போடுவதா, கட்டம் கட்டுவதா, சின்னத் திரையில் மணியடித்துக் காட்டுவதா என்பதெல்லாம் ஓடுகிற இதன் பாடு. அதனால் மேலே பார்க்க என்று எழுதக் கூடாது, சின்னத் திரையில் மேலே என்று ஒன்று கிடையாது. அடுத்த பக்கத்தில் என்று எழுதக் கூடாது, இணையத்துக்குப் பக்கம் ஏது. இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிப்போய், போன தை மாதம் சொந்தக்காரர் ஒருவர் கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்டபோது அவளால் இடதுபக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பொருந்துகிற மாதிரி சொல்ல யோசித்துக்கொண்டே நின்றாள், அவர் வேறு ஆளைக் கேட்டுப் போய்ச் சேர்ந்தார். இன்னொரு சட்டம், ஒரு விஷயத்தை ஒரு இடத்தில்தான் எழுத வேண்டும். உதவிக்கு அழைக்க வேண்டிய எண் நூறு இடத்தில் வரும், ஆனால் இலக்கங்கள் கோப்பின் தலையில் ஒரே ஒரு வரியில் இருக்கும், மற்ற இடமெல்லாம் அந்த வரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும். மாற்றினால் ஒரு இடத்தில் மாற்றினால் போதும். அருமையான ஏற்பாடு. ஒரு இடத்தில் தப்பினாலும் போதும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. போன பதிப்பில், இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தொட்டால் நேராக அழைப்புப் போகிறதா என்று பார்ப்பதற்கு, அடுத்தவரை எதற்குத் தொந்தரவு செய்வானேன் என்று அவள் தன் சொந்த எண்ணைப் போட்டுப் பார்த்தாள். போனது. அவள் கைபேசி சிணுங்கியது. திருப்தியாகத் தேநீர் குடிக்கப் போனாள், திரும்பிவந்து வேறு எதையோ பிடித்துக்கொண்டாள், எண்ணை மாற்ற மறந்தாள். இணையம், புத்தகம், மெஷின் திரை, ஸ்டிக்கர், நான்கிலும் சுகந்தியின் எண். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள், அதுவும் மாவட்டம் முழுக்க இருக்கிற ஓணான்களை.

முதல் அழைப்பு நாத்தனார் மகன் காதுகுத்தில் வந்தது. கதவு மூடியிருக்கிறது, ஆனால் மெஷின் திறந்திருக்கிறது என்கிறது, என்ன செய்ய என்று ஒரு ஆண்குரல். யார் நீங்கள், என் எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்பதற்கு முன்னால் அவள் பதிலைச் சொல்லிவிட்டாள், தெரிந்த பதிலைச் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று தோன்றியது. வைத்த பிறகுதான் எண்ணை மாற்ற மறந்தது நினைவுக்கு வந்தது. அதற்குள் புத்தகங்கள் அச்சாகிப் போய்விட்டன, ஸ்டிக்கர்கள் ராசிபுரம் முதல் பரமத்தி வரை கதவு கதவாக ஒட்டப்பட்டுவிட்டன. அப்புறம் அழைப்புகள் பந்தியில் பரிமாறுகிற மாதிரி வரிசையாக வந்தன. கைபேசி அடித்தால் உன் குஞ்சுகள் கத்துது பார் என்பார் நல்லசிவம். அவளும் அலுத்துக்கொள்வாள், கேட்கிறவர்களிடமெல்லாம் என் பாட்டைக் கேட்காதீர்கள் என்று மூக்கால் அழுவாள், ஆனால் அழைப்பே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இரண்டு தரம் கைபேசியைக் கையில் எடுத்து சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தது அவளுக்கு மட்டுமே தெரியும். சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக எழுதுகிறாள், ஒருவர்கூட வாசித்தேன் என்று சொன்னதில்லை. புத்தகம் பொரிப்பகம் போய்ச் சேர்ந்ததும் முதலாளி அறைக் கண்ணாடி அலமாரிக்குள் உறைகூடப் பிரிக்காமல் போய்விடும், ஆயுதபூஜைக்கு வெளியே வந்து சந்தனம் குங்குமம் வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போகும். சாமியாகிவிட்ட புத்தகத்தை எவர் புரட்டுவார். இப்போதுதான் மனிதர்கள் பேசினார்கள். அதிலும் பாவாயக்கா.

பாவாயி மோகனூர்ப் பக்கம் ஒரு பொரிப்பகத்தில் மெஷின் பார்க்கிறவர், ஐம்பதைத் தாண்டிய குரல், சுகந்தி இதுவரை முகம் பார்த்ததில்லை. முதல் தடவை அழைத்தபோது, தோல்வின்னு வருதுங்க, ஆரு தோத்தாங்க என்று கேட்டார். சுகந்தி சிரித்துவிட்டு அப்புறம் வெகுநேரம் சிரிக்கவில்லை. திருப்புதல் தோல்வி, இயக்கியைச் சரிபார்க்கவும் என்று திரையில் போட்டிருந்தது, போட்டவள் அவள்தான், தலைமை அலுவலகத்து ஆங்கிலத்தை வரிக்கு வரி தமிழாக்கினால் அப்படித்தான் வரும். முட்டைத் தட்டு மணிக்கொரு தரம் சாய வேண்டும், சாயாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், மெஷின் அணைந்து எழும்போதெல்லாம் தட்டு நின்ற இடத்திலேயே நின்று கூவும், இவ்வளவுதான் சங்கதி. இதைச் சொல்ல எதற்குத் தோல்வி. பாவாயி தட்டு சாயலை என்றார். அன்றைக்கே சுகந்தி கோப்பைத் திறந்து ஆங்கிலத்தை ஓரமாக வைத்தாள். ஒவ்வொரு அழைப்புக்கும் பிறகு, கேட்டவர் எந்த வார்த்தையில் கேட்டாரோ அந்த வார்த்தையிலேயே ஒரு தலைப்பு, அவருக்கு எப்படிச் சொன்னாளோ அப்படியே அதற்குப் பதில். தமிழிலேயே யோசித்துத் தமிழிலேயே எழுதியது. அதுதான் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, இணையம் முடிந்து அச்சில் இருக்கிறது, அச்சுக்குத்தான் நேரம் பிடிக்கும், எழுத்துருவை ஒவ்வொன்றாகப் போய்க் கூப்பிட்டு வரும். போன தடவை எழுத்துரு கிடைக்காமல் பக்கம் முழுக்கக் காலிக் கட்டங்கள் வந்தன, தாயம் விளையாடலாம் போல. அப்படி வராது. வந்தால். வராது, காலையில்தானே பார்த்தாள்.

பாராட்டாக வந்த அந்தக் கண்ணாடிக் கேடயம் இல்லாமல் இருந்தால் எல்லாம் சுலபமாகப் போயிருக்கும். தலைமை அலுவலகத்தில் உதவி மையத்துக்கு வந்த அழைப்புகளை மாநில வாரியாகக் கூட்டிப் பார்த்தபோது தமிழ்நாட்டில் சுழியம் என்று இருந்திருக்கிறது. மேலதிகாரி தேஷ்முக் சார் அதைக் காணொளிக் கூட்டத்தில் பெரிய திரையில் காட்டி, தமிழ் ஆவணம் எவ்வளவு தெளிவாக இருந்தால் ஒருவருக்குக்கூட சந்தேகம் வரவில்லை என்று எல்லோர் முன்னாலும் கைதட்டவைத்தார். சுகந்தி தன் சதுரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, கேமராவைப் பார்த்துத் தலையாட்டினாள். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். கூரியரில் கேடயம் வந்தது, நல்லசிவம் அதில் வண்டிச் சாவியை மாட்டிவைக்கிறார். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை, சாரே அடுத்த கூட்டத்தில், அவள் இப்போது தமிழிலேயே எழுதுகிறாள் என்று கேள்விப்பட்டு, இனி தெலுங்கும் கன்னடமும் தமிழ் மாதிரியே நேராக அந்தந்த மொழியில் எழுதட்டும், ஆங்கிலத்திலிருந்து பெயர்க்க வேண்டாம் என்று முடிவு சொல்லிவிட்டார். நல்ல முடிவு. பொய்க்கணக்கின் மேல் எடுத்த நல்ல முடிவு. இன்றைக்கு எண் சரியாகிறது, நாளையிலிருந்து அழைப்புகள் அங்கே குவிந்தால், தமிழில் எழுதியதால் வந்த வினை என்பார்கள், திரும்பவும் தோல்வி, இயக்கி, சரிபார்க்கவும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. மாற்றாமலே விட்டிருக்கலாம். யாருக்குத் தெரியும். தேதியும் பதிப்பு எண்ணும் மட்டும் மாற்றி, தலையில் இருக்கிற அந்த ஒரு வரியைத் தொடாமல், அவள் இருக்கிறவரை எடுத்துப் பேசிக்கொண்டு. அவள் இருக்கிறவரை. இங்கேதான் ஒவ்வொரு தரமும் முட்டி நிற்கிறது. கொல்லிமலைக்குக் குலதெய்வ வேண்டுதலுக்குப் போன அன்று மேலே சிக்னல் இல்லை, அவள் அருவியில் நனைந்து, மிளகு வாங்கி, பலாப்பழம் தின்று, வளைவு வளைவாக இறங்கிச் சமவெளிக்கு வந்ததும் கைபேசியில் தவறிய அழைப்புகள் பொலபொலவென்று கொட்டின, எல்லாம் பாவாயி. திருப்பி அழைத்தாள். தட்டு நின்னுபோச்சு அம்மிணி, நீ முன்ன சொன்ன பொத்தான் எதுன்னு மறந்துபோச்சு, நீ எடுக்கல, சரின்னு மணிக்கொருக்காக் கையாலயே சாச்சுட்டு உக்காந்திருந்தேன் என்றார். அவ்வளவு நேரமுமா என்று கேட்டதற்கு, கைதானே, இருக்குதில்ல என்றார். பச்சைப் பொத்தானை ஒருமுறை அமுக்கினால் போதும், அதற்கு அந்த மனுஷி அத்தனை தட்டையும் பகலெல்லாம் கையால் சாய்த்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் பதில் மெஷினில் இல்லை, மலையில் பலாப்பழம் தின்றுகொண்டிருந்தது. அன்றிரவு சுகந்திக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஆள் புத்தகமாக இருக்கக் கூடாது. புத்தகம்தான் ஆளாக இருக்க வேண்டும்.

அச்சு முடிந்தது. அவசரமாகத் திறந்து பார்த்தாள், கட்டங்கள் இல்லை, எழுத்துகள் தங்கள் தங்கள் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. கடைசிப் பக்கத்தில் புது எண், ஒன்று எட்டு சுழியம் சுழியம் என்று ஆரம்பித்தது, பார்க்க யாரோ பெரிய மனிதர் வீட்டு எண் மாதிரி. அந்த மையத்தில் தமிழுக்கென்று ஒரு பெண்ணை உட்காரவைத்திருக்கிறார்கள், அதுவும் மாதக்கணக்காகச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. முட்டைத் தட்டைக் கண்ணால் பார்த்திருக்காது, இதே கோப்பிலிருந்து வந்த பக்கத்தைப் பார்த்துத்தான் படித்துச் சொல்லும். ஆக எங்கே சுற்றினாலும் சுகந்தி எழுதியதில் வந்து நிற்கிறது, எழுதியது நின்றால் நின்றது. சின்னத் திரைக்கானதும் வந்துவிட்டது. ஸ்டிக்கர் மூச்சு விடுவதற்குள் வந்தது. வெள்ளை வரிகள் நின்றன, பிழை ஏதுமில்லை என்று கடைசி வரி. இனி அனுப்ப வேண்டியதுதான். கையை விசையின் மேல் வைத்து எடுத்தாள். தண்ணீர் குடித்தாள். ஒரு நாள் தள்ளிப்போட்டால் என்ன, இன்று செவ்வாய்க்கிழமை வேறு. அவள் செவ்வாய் பார்க்கிறவள் இல்லை, வேண்டும்போது பார்ப்பாள். செல்லமுத்து அழைத்தான். சர்வீஸ் பையன் என்று சொன்னால் கோபித்துக்கொள்வான், சர்வீஸ் இன்ஜினியர், மத்தியானத்திலிருந்து பாவாயியின் பொரிப்பகத்தில்தான் இருக்கிறான், புதியது முதலில் ஏறுவது அங்கேதான். வந்துருச்சுங்களாக்கா என்றான். வந்தாயிற்று என்றாள், அனுப்பினாள், விரல் அமுங்கியபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை, தோன்றும் என்றுதான் நினைத்திருந்தாள்.

"செல்லமுத்து, ஏத்தினதும் மெஷின் அணைஞ்சு எந்திரிக்கும். தட்டு நின்னு கூவும்."

"தெரியுங்கா. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கக் கூடாது. வாயைத் திறக்காத, கையக் காட்டாத. டீ குடிக்கப் போயிரு."

முட்டை போச்சுன்னா என்னைத்தானுங்க கேப்பாங்க என்றான். அரைமணி நின்றால் முட்டைக்கு ஒன்றும் ஆகாது என்று அவனுக்கும் தெரியும், என்னைக் கை காட்டிவிடு என்று சொல்லி வைத்தாள். பிறகு கைபேசியை மேசைமேல் மல்லாக்கப் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது ஏறியிருக்கும். இப்போது அணைந்திருக்கும். திரை ஒருமுறை வெளுத்துவிட்டு எழும், கூவும், பாவாயக்கா கை துடைத்துக்கொண்டு வருவார், படிப்பார், ஐந்தாவதுவரை படித்தவர், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், அதனால்தான் வரிக்கு நாலைந்து வார்த்தைக்கு மேல் வைக்கவில்லை. தட்டு சாயவில்லை. பச்சைப் பொத்தானை ஒருமுறை அமுக்குங்கள். தட்டு நகரும் சத்தம் கேட்கும். கேட்கும் என்பதைப் போட்டதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு, எந்த ஆங்கிலப் பிரதியிலும் அது இல்லை, அமுக்கு என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள், அமுக்கியவர் நடந்ததா இல்லையா என்று தெரியாமல் மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டு நிற்பார், அதுவும் ஒரு அழைப்பில் தெரிந்துகொண்டதுதான். ஒருவேளை படிக்காமலே கீழே இருக்கிற எண்ணைப் பார்த்து அழைத்துவிட்டால். கீழே என்று நினைக்கிறாள் பார், திரையில் கீழே ஏது. அழைத்துவிட்டால் அங்கே ஆங்கிலத்துக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு என்று ஆரம்பிக்கும், அந்த மனுஷி போனையே வைத்துவிட்டு மறுபடி கையாலேயே சாய்க்க உட்கார்ந்துவிட்டால். வாசல் வேப்பமரத்தில் காக்கை கத்தியது. ஒரு லாரி பின்னால் வருகிற பாட்டு கேட்டது. எதிர்க் கடையில் யாரோ தும்மினார்கள். அவளுக்கு வேர்த்தது, ஆனால் அதற்கு அடியில் எங்கோ நிம்மதியாகவும் இருந்தது, பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்காருவோமே அது மாதிரி, எழுதியதை இனி யார் திருத்த முடியும், தெரிந்ததை முழுக்க எழுதியாயிற்று, மிச்சம் வைக்கவில்லை.

கைபேசி அடித்தது. பாவாயக்கா என்று பெயர் ஒளிர்ந்தது. முடிந்தது, அவ்வளவுதான், எழுதியதெல்லாம் தண்டம் என்று எடுத்தாள்.

"அம்மிணி, பாவாயி பேசறனுங்."

"சொல்லுங்கக்கா. தட்டு நின்னுருச்சா?"

"நின்னுச்சு. சாயலைன்னு போட்டுது. பச்சைய அமுக்கச் சொல்லுச்சு, அமுக்கினேன். சத்தம் கேக்கும்னு போட்டிருந்துது, காத வெச்சேன், கேட்டுது. இப்ப ஓடுது."

சுகந்தி கைபேசியை மறுகாதுக்கு மாற்றினாள். சாய்ந்துவிட்டது. யாரும் சொல்லாமல், யாரும் கை காட்டாமல். அப்படியானால் இந்த அழைப்பு எதற்கு என்பது மெதுவாகத்தான் உறைத்தது, கேட்டாள்.

"உன்னயக் கூப்புட வேண்டியதில்லாமப் போச்சு. அதச் சொல்லத்தான் கூப்புட்டேன்" என்றார் பாவாயி, ஏதோ நன்றாக இருக்கிறாயா என்று விசாரிக்கிற தோரணையில். பின்னால் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. பிறகு, இதில் வேறு ஏதோ நம்பர் போட்டிருக்கிறதே, அது உன் வீட்டுக்காரர் நம்பரா என்று கேட்டார். சுகந்தி அது கம்பெனி எண் என்றும், இனி மெஷினில் ஏதாவது என்றால் அங்கேதான் கூப்பிட வேண்டும் என்றும், ஆரம்பத்தில் இந்தியில் பேசினாலும் மூன்றை அமுக்கினால் ஒரு தமிழ்ப்பெண் பேசும், நல்ல பெண் என்றும் சொன்னாள். சொல்லச் சொல்ல, உண்மையைத்தான் சொல்கிறோம், ஆனாலும் எதையோ கையை விட்டுக் கொடுக்கிறோம் என்று இருந்தது.

"மெஷின்ல ஏதாச்சும்னா அங்க. செரி. மத்ததுக்கு?"

மத்ததுக்கு என்று எந்தக் கோப்பிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. இத்தனை மாதமாக மாவட்டம் முழுக்க ஒவ்வொருவர் கைபேசியிலும் அவள் எண் பெயரோடு ஏறியிருக்கும், எந்தத் தலைமை அலுவலகத்திலிருந்து எதை அனுப்பினாலும் அது மாறப்போவதில்லை, அவளுக்கு இது இப்போதுதான் தோன்றியது, தோன்றியதும் கண்ணில் தண்ணீர் வர ஒரு சிரிப்பு வந்தது.

"மத்ததுக்கு இதுக்கே கூப்பிடுங்கக்கா."

"அப்ப வெச்சுராத, கேளு" என்று பாவாயி தன் மகள் வீட்டுச் சமாச்சாரத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.